மக்காச்சோளக் குடில்

மினுக்குத்தூளைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், ஒரு மூட்டைத் தூளை அவன் தலையில் கொட்டி, வடக்கனந்தல் கடைத்தெருவில் நடக்க விடுவேன். ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தத் தூள் லேசில் போகாது. சனிக்கிழமை பிள்ளைகள் கொட்டியது ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் என் மீசையில் மின்னியது. நன்மை அப்பம் வாங்கப் போனபோது சாமியார் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்னால் நின்ற என் மனைவி ரெஜினா அடக்கவில்லை.

இருந்தாலும் சனிக்கிழமையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் மகள் ஜெர்லின் பள்ளிக்கூடம் போவதில்லை. மூன்றாவது படிக்கும்போது, காலையில் வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கையால் எழுதச் சொன்னால் பிறகு என்ன ஆகும்? நிறுத்திவிட்டோம். ரெஜினாவுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எனக்குக் கச்சிராயபாளையம் ரோட்டில், வீட்டின் முன்பக்கத்திலேயே மோட்டார் காயில் கட்டும் கடை. பகலில் வீட்டில் இருப்பவன் நான்தான் என்பதால் வாத்தியார் வேலையும் என் தலையில் விழுந்தது. காயில் கட்டுகிறவன் கரும்பலகை கட்டிக்கொண்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கணக்கு எனக்கு வரும். தமிழும் ஒப்பேற்றிவிடுவேன். கைவேலை என்று வந்தால்தான் கை உதறும்.

எங்களைப் போலவே வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று விஜயலட்சுமி மேடம் குடும்பம். சென்னையில் இருந்து மாற்றலாகி வந்தவர்கள், கணவர் பேங்கில் வேலை. அவர் மகள் சஹானா. இன்னொன்று செந்தமிழ்ச்செல்வி குடும்பம். அவர் பி.எட். படித்தவர். கணவர் அன்புச்செல்வனோடு சேர்ந்து மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிர் வைக்கிறார். மகள் தனுஷாவுக்கு மூச்சிளைப்பு. பனிக்காலம் வந்தால் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு, மீதி நாள் திட்டு. அதனால் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று வீட்டில் வைத்துக்கொண்டவர்.

மூன்று பிள்ளைகளும் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடிக் கைவேலை செய்வது என்று விஜயலட்சுமி மேடம்தான் ஏற்பாடு செய்தார். முறை வைத்துக்கொண்டோம். யார் முறையோ அவர்கள் வீட்டில் கூட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர்களே கிராஃப்ட் பெட்டி ஆன்லைனில் வாங்கிவைக்க வேண்டும். பெட்டி என்றால், அட்டையில் வெட்டிவைத்த மயில், ஒட்டுவதற்குக் கண், பசை, கூடவே அந்தப் பாழாய்ப்போன தூள். அரை மணி நேரத்தில் ஒட்டி முடித்துவிடுவார்கள். ஒரு பெட்டி வாங்குகிற காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். எனக்குக் கடுப்புதான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

காரணம் தனுஷா. ஜெர்லின் வெளியாட்களிடம் பேச மாட்டாள். கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். தனுஷாவோடு மட்டும் உட்கார்ந்துவிட்டால், சட்டியில் பொரி பொரிகிற மாதிரிப் பேச்சு. நான் கடையில் காயில் சுற்றிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சுக்காக எத்தனை மயிலை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று இருந்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு செந்தமிழ்ச்செல்வி முறை வந்தது. தனுஷாவுக்கு வயிற்றுவலி என்று தகவல் வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு விருந்தாளி. அதற்கடுத்த வாரம் காய்ச்சல். முறை தாண்டி மேடம் வீட்டில் கூடியபோதும், காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று அவர்கள் வரவில்லை. ஜெர்லின் தன் பெட்டியில் இருந்து பாதிச் சாமானைத் தனுஷாவுக்கென்று எடுத்துவைத்தாள். எங்கள் வீட்டில் கூடிய சனிக்கிழமை, மத்தியானம்வரை கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். சஹானா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

அந்த வாரமே செந்தமிழ்ச்செல்வி வீட்டுப் போர் மோட்டார் என் கடைக்குப் பழுதுக்கு வந்திருந்தது. காயில் கட்டி முடித்து நானே எடுத்துக்கொண்டு போனேன். கல்வராயன் மலைப்பக்கம் போகிற ரோட்டில், சோளக்காட்டுக்குள் தனியாக இருக்கிறது அவர்கள் வீடு. களத்தில் மக்காச்சோளக் கதிர் மலைபோல் குவிந்திருந்தது. அந்தக் குவியலின் உச்சியில், காய்ச்சலில் படுத்திருக்க வேண்டிய தனுஷா, ஒரு வெள்ளாட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் சறுக்கிக்கொண்டு வந்து, "ஜெர்லின் வரலியா மாமா?" என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தெரிந்துபோயிற்று.

அன்புச்செல்வன் மோட்டாரை இறக்கப் போனார். செந்தமிழ்ச்செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பொங்கல் முடிந்ததும் தனுஷாவைத் திருநாவலூரில் தன் அண்ணன் வீட்டில் விடப்போவதாகவும், அங்கேயே பழகி ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். இளைப்பு இருக்கிறதே என்றேன். முன்புபோல் இல்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஜெர்லின் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உண்மை வந்தது.

"எல்லாரும் வாங்கினு வந்து வெக்கிற எடத்துல, நாம மட்டும் வெறுங்கைய வச்சிக்கினு நின்னா நல்லா இருக்காதுங்க," என்றார். "கதிர் வித்தாதான் எங்களுக்குக் காசு. எங்க முறை வரும்போதெல்லாம் இன்னா பொய் சொல்லலாம்னு யோசிக்கிறதே வேலையா போச்சி. புள்ளைக்கும் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறேன். இத நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ஜெர்லினப்பா."

சொல்லவில்லை, ரெஜினாவைத் தவிர. பெண்டாட்டி 'யாரும்' என்பதில் சேர்த்தி இல்லை என்பது என் கட்சி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மீது என்றுதான் தெரியவில்லை. மேடம் மீதா, பெட்டி விற்கிறவன் மீதா, வாயை மூடிக்கொண்டிருந்த என் மீதா? விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டாமா என்று வீட்டுக்குள் கத்தினேன். ரெஜினா டூட்டி முடிந்து வந்த களைப்பில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். தனுஷா போய்விட்டால் நம் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடும் என்று நான் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவங்க பேரு வெளிய வரக் கூடாது," என்றாள். "நமக்குக் கட்டுப்படியாகலன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

நான் மானஸ்தன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் மேடம் வீட்டுக்குப் போனேன். கடையில் வியாபாரம் கம்மி, பெட்டி வாங்க முடியவில்லை என்று சொன்னேன். அவர் பதறிப்போனார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். "உங்க முறைக்கும் நானே வாங்கிடறேன். ஜெர்லின் எனக்கும் பொண்ணு மாதிரிதானே."

அந்த ஒரு வார்த்தையில் என் காது இரண்டும் சுட்டன. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பொய்க்குச் சொன்ன எனக்கே நாற்காலியில் உட்கார முடியவில்லை. இந்த அன்புக்குப் பயந்துதான் செந்தமிழ்ச்செல்வி வயிற்றுவலியும் காய்ச்சலுமாகக் கதை கட்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சூட்டில் வாயைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் யாரும் எதையும் வாங்க வேண்டாம், கிறிஸ்துமஸ்வரை சனிக்கிழமைகளை நானே நடத்துகிறேன், காசு செலவில்லாமல் ஒரு குடில் செய்து காட்டுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கிறிஸ்து பிறப்புக் குடில் வைப்போம், கடையில் வாங்கின தெர்மாகோல் குடில். செய்து பழக்கமே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் அந்தக் களத்துக்குப் போனேன். கதிரை உரித்துப் போட்ட தோல் வேண்டும், மணி உதிர்த்த சக்கையும் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று செந்தமிழ்ச்செல்வி கேட்டார். சொன்னேன். மாட்டுக்குப் போடுவதை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் கட்டப் போகிறாயா என்பதுபோல் பார்த்தார். ஆனால் மூட்டை மூட்டையாகக் கட்டிவைத்தார். மூட்டையோடு தனுஷாவும் வர வேண்டும், வரும் சனிக்கிழமையும் அதற்கடுத்ததும் வர வேண்டும் என்று சொன்னேன். சனிக்கிழமை அன்புச்செல்வன் பைக்கில் மூட்டைகள் வந்தன. மூட்டை மேல் தனுஷா உட்கார்ந்திருந்தாள். தாய் வரவில்லை.

அன்றைக்கு ஜெர்லின் பேசிய பேச்சில் எனக்கு ஒரு மோட்டாரில் சுற்று தவறிப்போய், பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. சந்தோஷமாகப் பிரித்துக் கட்டினேன்.

பசைக்கு மரவள்ளி மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள், விஷம், பூச்சி அண்டாது. பிள்ளைகள் கையை வாயில் வைக்கும் என்பதால் நான் துத்தம் போடவில்லை. புளிக்காமல் இருக்கட்டும் என்று உப்பு மட்டும் தாராளமாகப் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

சக்கைதான் உடம்பு. அதன்மேல் நனைத்த தோலைச் சுற்றினால் அங்கி. மக்காச்சோள முடியில் யோசேப்புக்குத் தாடி. காயில் கட்டி மிஞ்சின செம்புக் கம்பியில் வானதூதருக்கு வளையம். மோட்டாருக்குள் வைக்கிற மஞ்சள் காகிதத்தில் நட்சத்திரம். ஜெர்லினின் இடது கையில் குறடு கொடுத்துப் பார்த்தேன். கம்பியை என்னைவிட அழகாக வளைத்தாள். சஹானாவுக்கு முதலில் எதைத் தொடவும் தயக்கம். பெட்டிக்குள் காகிதத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருப்பார்களாம், இதில் எதை முதலில் செய்வது என்று கேட்டாள். எதை வேண்டுமானாலும் செய் என்று தனுஷா சொன்னாள். அன்று மாலை சஹானாவை அவள் அம்மா கூப்பிட வந்தபோது, வர மறுத்து அழுதாள். விஜயலட்சுமி மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு செம்மறிக்குக் காது ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படியே டிசம்பர் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் தனுஷா வந்தாள். ஆனால் பொங்கல் நெருங்கிக்கொண்டே இருந்தது. திருநாவலூரில் மாமா வீட்டு மாடியில் தனக்கு அறை ஒதுக்கியிருப்பதாகத் தனுஷா ஒரு நாள் சொன்னாள். ஜெர்லின் அன்று சாப்பிடவில்லை. அங்கே எத்தனை பஸ் மாறிப் போக வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாயங்காலம் எங்கள் கோயிலில் இருந்து வீடு வீடாகக் குடில் பார்க்க வருவார்கள், நல்ல குடிலுக்குப் பரிசு உண்டு. அதனால் மத்தியானமே எல்லாரும் வந்துவிட்டார்கள். செந்தமிழ்ச்செல்வியும் வந்தார். குடில் என்றால் உயிரோடு ஒரு ஆடாவது வேண்டும் என்று தனுஷா பிடிவாதம் பிடித்ததால், அந்த வெள்ளாட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பெயர் புள்ளி.

வாசலில், கூரையோடு இடுப்பு உயரத்துக்கு நின்றது குடில். சோளத்தட்டையில் கால், தோலில் கூரை, உள்ளே நடுவில் தீவனத்தொட்டி. பாலன் இயேசு சுரூபத்தை ராத்திரிப் பூசைக்குப் பிறகுதான் வைப்போம் என்பதால் தொட்டி காலியாக இருந்தது. புள்ளியைக் குடில் ஓரமாகக் கட்டிவிட்டு, எல்லாரும் உள்ளே போய் ரெஜினா சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டு காபி குடித்தோம். முறுக்கு தின்று முடித்த பிறகும் கறுக் மொறுக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஜெர்லின்தான் முதலில் வெளியே ஓடினாள்.

கூரை பாதி இல்லை. தீவனத்தொட்டி முழுசாக இல்லை. வானதூதருக்கு ஒரு சிறகு போய்விட்டது. புள்ளி யோசேப்பின் அங்கியை உரித்துத் தின்றுவிட்டு, தாடியை மென்றுகொண்டு எங்களை நிதானமாகப் பார்த்தது. சோளத்தோல், மரவள்ளிக் கஞ்சி, அதில் தாராளமாக உப்பு. ஆட்டுக்கு இதைவிட நல்ல விருந்தை யாராலும் போட முடியாது. ஆடு மாடு மேய்கிற ஊரில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருத்தருக்குக்கூட அது தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் செந்தமிழ்ச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ரத்தமே இல்லை அந்த முகத்தில். ஆட்டை இழுத்து முதுகில் ஒன்று வைத்தார். தனுஷா அழ ஆரம்பித்தாள். போச்சு, இதோடு இவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார், பொங்கல்வரைகூடக் காத்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கை இடுப்பில் செருகியிருந்த பர்சுக்குப் போயிற்று.

"எவ்ளோ ஆனாலும் பரவால்லங்க. இன்னா இன்னா போச்சோ சொல்லுங்க, நான் இப்பவே கடைக்குப் போய் வாங்கினு வந்துடறேன்."

விஜயலட்சுமி மேடம் குடிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"என்ன வாங்குவீங்க, தனுஷாம்மா?" என்றார். "எல்லாமே உங்க காட்டுல இருந்து வந்ததுதானே. கடையில எங்க கிடைக்கும்?"

செந்தமிழ்ச்செல்வி பர்சைப் பிடித்தபடியே நின்றார். அவர் கண் கூரையில் இருந்து தொட்டிக்கும், தொட்டியில் இருந்து யோசேப்புக்கும் போயிற்று. விலைபோட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஜெர்லின் அவர் பக்கத்தில் போய் நின்று, "யோசேப்புக்கு வெறும் கட்டைதான் இருக்குது, அத்தே," என்றாள். வெளியாட்களிடம் வாய் திறக்காத என் பிள்ளை. சஹானா களுக்கென்று சிரித்தாள். அழுதுகொண்டிருந்த தனுஷாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செந்தமிழ்ச்செல்வி உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். பர்ஸ் மறுபடி இடுப்புக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் அவர்தான் மேஸ்திரி. கணவருக்கு போன் போட்டுத் தோல் கொண்டுவரச் சொன்னார். என்னைப் பசை காய்ச்ச அனுப்பினார், உப்புப் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். மேடத்தைக் கூரைக்கு, ரெஜினாவைத் தொட்டிக்கு. பிள்ளைகள் யோசேப்புக்குப் புது அங்கி சுற்றினார்கள். கோயிலில் இருந்து ஆட்கள் வந்தபோது கூரையில் பாதி ஈரமாக இருந்தது, புள்ளி மேடத்தின் மடியில் இருந்தது. பரிசு அடுத்த தெருவுக்குப் போயிற்று. அவர்கள் சீரியல் லைட் போட்டிருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் கிளம்பினார்கள். அன்புச்செல்வன் பைக்கை உதைத்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். திருநாவலூரைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? ஜெர்லின் தனுஷாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே, வருகிற சனிக்கிழமை யார் வீட்டில் என்று பொதுவாகக் கேட்டார்.

நான் எங்கள் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். செந்தமிழ்ச்செல்வி முந்திக்கொண்டார்.

"எங்க வூட்ல," என்றார். "எங்க முறைதான் அப்பலேர்ந்து நிக்குது. எல்லாரும் வந்துடுங்க."

தனுஷா ஆட்டுக்குட்டியை இறுக்கிக்கொண்டு, "அப்ப திருநாவலூரு?" என்றாள்.

"பொங்கலுக்குப் போயி மாமனப் பாத்துட்டு வந்துடலாம், ஏறு," என்றார் அவள் அம்மா.

பைக் ரோட்டில் திரும்பி மறைகிறவரை ஜெர்லின் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் கண் கலங்கிவிட்டது. ரெஜினா பார்த்துவிட்டாள். கண்ணில் மினுக்குத்தூள் விழுந்துவிட்டது என்றேன். வீட்டுக்குள் அந்தத் தூள் வந்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆமாமாம், அது லேசில் போகாது என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனாள்.